மேளத்தை நிறுத்தச் சொன்ன நாள்

“இந்த ரெண்டு வாரமா என்னம்மா சாப்பாடு குடுத்தீங்க?” என்று அந்த டாக்டர் கேட்டபோது நான் பெருமையாகத்தான் சொன்னேன். காலையில் உளுந்தங்களி, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெயும் வெல்லப்பாகும். பத்து மணிக்கு நாட்டு முட்டை. மத்தியானம் சோறு, பருப்பு, நெய். சாயங்காலம் யார் வீட்டிலிருந்தாவது தேங்காயும் சீனியும் போட்ட புட்டு வரும். இடையில் தாகம் தாகம் என்றதால் சர்பத், இளநீர், கரும்புச்சாறு. ஒன்று விடாமல் ஒப்பித்தேன். எழுதிக்கொண்டே வந்த டாக்டர் சர்பத் என்றதும் பேனாவை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். எனக்கு வாய் அப்படி.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் என் மகள் கிடந்தாள். பதினாலு வயது. இரண்டு கையிலும் ஊசி, முகத்தில் மாஸ்க். அவள் வயசுக்கு வந்து அது பதிமூன்றாம் நாள்.

குடவாசல் பக்கத்தில் எங்கள் ஊர். நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். கணவர் அறுவடை மெஷின் ஓட்டுகிறார். தை பிறந்தால் அவரை வீட்டில் பார்க்க முடியாது. திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி என்று வயல் வயலாகப் போவார். இங்கே முடிந்ததும் மெஷினை லாரியில் ஏற்றிக்கொண்டு வேறு மாவட்டத்துக்குப் போய்விடுவார். அப்படி ஒரு தை மாதத்தில்தான், ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து என் காதில் விஷயத்தைச் சொன்னாள். இந்தக் காலத்தில் நாலாம் நாளே பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கணவரின் அக்கா அடுத்த தெருவிலிருந்து வந்து, பதினாறு நாள் என்றார். அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். தாயில்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். அவர் பேச்சுக்கு இந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது. உள்ளறையில் தனிப் பாய், தனித் தட்டு, தனிச் சொம்பு என்று மகளை உட்கார வைத்தோம்.

முதல் நாளே அவளுக்குச் சடங்கு ஜாக்கெட்டுக்கு அளவெடுத்தேன். எட்டாம் நாள் போட்டுப் பார்த்தால் தொளதொளவென்று இருந்தது. இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தேன். மூன்று நாள் கழித்து மறுபடியும் பிடித்துத் தைத்தேன். ஊரில் எந்தப் பெண் ஒரு சுற்று பெருத்தாலும் இளைத்தாலும் முதலில் எனக்குத்தான் தெரியும். நாள் முழுக்க டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிகிறவள் நான். பெற்ற பிள்ளை கண்ணெதிரே கரைகிறாள் என்று எனக்குத் தோன்றவில்லையே! அளவைத் தப்பாக எடுத்துவிட்டேன் போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். அண்ணியிடம் சொன்னதற்கு, இந்த நேரத்தில் உடம்பு வற்றித்தான் பிறகு ஊறும், களியைக் கொஞ்சம் கூட்டிக் கொடு என்றார். கூட்டிக் கொடுத்தேன்.

சொம்பு போதாமல் குடத்தையே உள்ளறையில் வைத்தோம். மணிக்கு இரண்டு தரம் கொல்லைக்குப் போனாள். போன் பார்க்கத்தான் இந்தச் சாக்கு என்று நானே முடிவுகட்டி, போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். அதற்குப் பிறகும் போனாள். பன்னிரண்டாம் நாள் வாந்தி. நல்லெண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லை என்றோம். மூச்சு வேகமாக வாங்கினாள். அவள் பக்கத்தில் போனாலே பழம் அழுகிய மாதிரி ஒரு வாடை. பார்க்க வந்தவர்கள் கொடுத்த வாழைப்பழமும் ஆப்பிளும் அறையில் குவிந்து கிடந்தன. அதன் வாடைதான் என்று எல்லாவற்றையும் அள்ளி மாட்டுக்குப் போட்டேன். அறையைத் துடைத்துச் சாம்பிராணி காட்டினேன். வாடை போகவில்லை. மறுநாள் காலையில் எழுப்பினால், கண்ணைத் திறந்து யாரோ ஒருத்தியைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

கும்பகோணம் வரைக்கும் ஆம்புலன்ஸ், அங்கிருந்து இன்னொரு ஆம்புலன்ஸில் தஞ்சாவூர். விரலில் குத்திப் பார்த்தபோது மெஷினில் எண்ணே வரவில்லை; அதன் கணக்குக்கு மேலே போய்விட்டது என்றார் நர்ஸ். சர்க்கரை வியாதி. எனக்குச் சிரிப்புதான் வந்தது. அது வயசானவர்களுக்கு வருவது, பதினாலு வயதுப் பிள்ளைக்கு எப்படி வரும் என்று கேட்டேன். டாக்டர் உட்கார வைத்துச் சொன்னார்: இவள் உடம்பில் இன்சுலின் சுரப்பது நின்றுபோய்விட்டது, பிள்ளைகளுக்கு இப்படித் திடீரென்று வரும், உயிர் இருக்கிறவரை ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். களியால் வந்த நோய் இல்லை என்றும் சொன்னார். அதை இரண்டு தடவை சொன்னார். நான் நம்பவில்லை. இன்றைக்கும் முழுசாக நம்பவில்லை.

உள்ளே ஒரு நாளைக்கு இரண்டு வேளைதான் விடுவார்கள். மற்ற நேரமெல்லாம் வராந்தாவில் சிமெண்ட் திண்டு. சுற்றிலும் அத்தனை ஜனம், பொட்டலம் பிரித்துச் சாப்பிடுகிறார்கள், ஒருவருக்கொருவர் கதை சொல்லி அழுகிறார்கள், சிரிக்கவும் செய்கிறார்கள். மறுநாள் கணவர் வந்து சேர்ந்தார், சட்டையெல்லாம் வைக்கோல் தூசியோடு. என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றும் கேட்காமல் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எப்படி விட்டாய் என்று கேட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். சண்டை போட்டாவது அழுதிருப்பேன்.

பக்கத்தில் இருந்த அம்மாள் பிள்ளைக்கு என்னவென்று கேட்டபோது, நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டார். சாப்பாடு சேரவில்லை, ஃபுட் பாய்சன் என்றார். அந்த அம்மாள் போனதும் என் பக்கம் திரும்பினார்.

“பொம்பளப் புள்ள. நாளைக்கு ஒருத்தன் வாசல்ல வந்து பொண்ணு கேக்கணும். இது வெளிய போச்சுன்னா எவன் வருவான், சொல்லு?”

எல்லாப் பழியையும் அண்ணி தலையில் போட்டுவிட்டுத் தப்பித்துக்கொள்ள எனக்கு ஆசைதான். உண்மை அதுவல்ல. அவர் ஒரு தடவைதான் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டு தொங்கியது நான். வெளியே தெரிந்தால், என்ன கொடுத்தாய் என்று எல்லோரும் கேட்பார்கள். டாக்டரிடம் ஒப்பித்ததை ஊருக்கெல்லாம் ஒப்பிக்க வேண்டும். கூடப் பிறந்த தம்பியிடமே ஃபுட் பாய்சன் என்றுதான் சொன்னேன்.

பிள்ளை பிழைத்து வந்தாள். இன்சுலினை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். கீழ்த்தட்டில், ஒரு பழைய டிபன் டப்பாவுக்குள் வைத்து மேலே கறிவேப்பிலையைப் போட்டு மூடினேன். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் எங்களுக்கு மட்டுமானதாக இருந்ததில்லை. எதிர்வீட்டுப் பெண் பூக்கட்டி பஸ் ஸ்டாண்டில் விற்பவள். மிஞ்சின மல்லிகையை ஈரத்துணியில் சுற்றி எங்கள் ஃப்ரிட்ஜில்தான் வைப்பாள். கதவைத் தட்ட மாட்டாள். நேரே வந்து திறப்பாள், எடுப்பாள், என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊர் வம்பெல்லாம் பேசிவிட்டுப் போவாள். இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து எனக்கு இருந்த ஒரே சிநேகிதி. அவளிடம் ஃப்ரிட்ஜ் கெட்டுப்போய்விட்டது என்றேன். அவள் சரிக்கா என்று பூவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த நேரம் பார்த்து ஃப்ரிட்ஜ் உர்ரென்று ஓட ஆரம்பித்தது. இரண்டு பேருக்கும் கேட்டது. பூவோடு திரும்பிப் போய்விட்டாள். அப்புறம் வரவே இல்லை.

அதன்பிறகு பேச ஆளில்லை. அளவு கொடுக்க வருகிறவர்களை வாசலோடு அனுப்பினேன். கணவர் மெஷினோடு போய்விட்டார். போனில், போட்டாச்சா என்று கேட்பார், போட்டாச்சு என்பேன், அவ்வளவுதான் பேச்சு. காலையும் சாயங்காலமும் ஜன்னலைச் சாத்தி, கதவைத் தாழ்ப்பாள் போட்டு, மகளின் வயிற்றுச் சதையைப் பிடித்து ஊசி போடுவேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள், சயின்ஸ் டீச்சரிடம் மட்டும் சொல்லட்டுமா என்று கேட்டாள். தோலை உரித்துவிடுவேன் என்றேன். நோயாளிப் பிள்ளையிடம் பேசுகிற பேச்சா அது? பேசினேன். கொல்லையில் துணி காயப்போடும்போது மட்டும் கொஞ்சம் அழுவேன். வைகாசி வரைக்கும் அப்படியே போனது.

வைகாசியில், நின்றுபோன சடங்கை நடத்த மண்டபம் பிடித்தோம். நோய் வந்த பிள்ளைக்குச் சடங்கு எதற்கு என்று கணவர் ஒரு தடவை கேட்டார். நடத்தாவிட்டால்தான் ஊருக்குச் சந்தேகம் வரும் என்று அண்ணியும் நானும் ஒரே குரலில் சொன்னோம்.

தாய்மாமன் சீர் வந்து, மாலை போட்டு, தண்ணீர் ஊற்றுகிறவரை பெண் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதற்கும் திட்டம் வைத்திருந்தேன். எட்டு மணிக்குத் தண்ணீர் ஊற்றுவது. ஏழரைக்கு ஊசி போட்டுவிட்டால், எட்டேகாலுக்கு இட்லி கொடுத்துவிடலாம். இன்னொன்றும் செய்தேன். திருஷ்டிக்குப் புட்டு சுற்றிப்போட்டதும் வருகிறவர்களெல்லாம் வாயில் இனிப்பு ஊட்டுவார்கள். வேண்டாம் என்று சொல்ல முடியாது. அதற்கு முன்னேற்பாடாக, டாக்டரைக் கேட்காமல், என் இஷ்டத்துக்கு நாலு யூனிட் கூடப் போட்டேன். மணமகள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பட்டுப்பாவாடையைத் தளர்த்தி, நானேதான் போட்டேன்.

என் தம்பி சீர்த்தட்டுகளோடு தெருமுனைக்கு வந்துவிட்டான். மேளம் வரவில்லை. திருக்கடையூரில் ஒரு அறுபதாம் கல்யாணத்தை முடித்துக்கொண்டு வரவேண்டிய மேளம். மேளம் இல்லாமல் தாய்மாமன் மண்டபத்துக்குள் காலெடுத்து வைப்பானா? வெயிலில் நின்றுகொண்டே இருந்தான். எட்டரை ஆயிற்று. ஒன்பதும் ஆயிற்று. மேடையில் பலகை போட்டு உட்கார்ந்திருந்த மகள் என்னைக் கூப்பிட்டு, பசிக்கிறது என்றாள். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும், உடனே வாயில் இனிப்பைப் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், என் கைப்பையில் மிட்டாய் இருந்தது. இத்தனை பேர் பார்க்கிறார்கள், மாமா வந்துவிடுவார், பொறுத்துக்கொள் என்றேன். சரி என்று தலையாட்டினாள். என் பேச்சைக் கேட்கிற பிள்ளை.

ஒன்பது மணிக்கு மேல் ஊர்வலம் உள்ளே வந்தது. ஐந்தாறு தவில், வெடி, இருபத்தொரு தட்டு. மண்டபமே அதிர்ந்தது. தம்பி மாலையை எடுத்து அவள் கழுத்தில் போட்டான். போட்டதும் அவள் கை நடுங்க ஆரம்பித்தது. பிறகு தோள், தலை. நெற்றியிலிருந்து வியர்வை ஒழுகி மஞ்சளெல்லாம் கரைந்தது. கண் எங்கேயோ சொருகியது. முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“சாமி வந்திருக்கு. அடிங்கய்யா மேளத்த.”

அவ்வளவுதான். மேளக்காரர்கள் அடியைத் தூக்கினார்கள். குலவை கிளம்பியது. யாரோ விபூதியை அள்ளிப் பூசினார்கள், யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். ஒரு அம்மாள் குனிந்து, வந்திருப்பது யார், மாரியம்மனா, குலதெய்வமா, சொல்லு தாயே என்று என் மகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். பெரியவர்களெல்லாம் கைகூப்பிவிட்டார்கள். சின்னப் பெண்ணுக்குச் சாமி வருவது எங்கள் பக்கம் குடும்பத்துக்கே பெருமை.

அது சாமி இல்லை என்று அந்த மண்டபத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். கணவர் அடுப்பங்கரைப் பக்கம் இருந்தார். மிச்சம் நானும் அண்ணியும். நான் அண்ணியைத் திரும்பிப் பார்த்தேன். அண்ணி என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்தது எனக்குப் புரிந்தது, ஏனென்றால் என் மனதிலும் அதுவேதான் இருந்தது. சாமி என்றே இருக்கட்டும். இரண்டு நிமிடத்தில் தண்ணீர் ஊற்றிவிட்டு உள்ளே கூட்டிப்போய் ஏதாவது கொடுத்துவிடலாம். யாருக்கும் ஒன்றும் தெரியாது. நாமும் கைகூப்பி நிற்கலாம். சத்தியமாக அப்படி நினைத்தேன். என் கை பாதி கூம்பியும்விட்டது.

அவள் தலை ஒரு பக்கமாகத் துவண்டது. அப்போதுதான் ஓடினேன். சீர்த்தட்டில் குவித்து வைத்திருந்த சீனியைக் கை நிறைய அள்ளி, விபூதி அப்பிய அந்த வாய்க்குள் திணித்தேன். பல்லைக் கடித்திருந்தாள். கன்னத்தை அமுக்கித் திறந்து, ஈறிலும் நாக்கிலும் தேய்த்தேன். சாமி வந்த பெண்ணை இப்படித் தொடுகிறாளே என்று யாரோ என் தோளைப் பிடித்து இழுத்தார்கள்.

“விடுங்க! சாமியும் இல்ல ஒண்ணும் இல்ல. எம் பொண்ணுக்குச் சர்க்கரை வியாதி. மேளத்த நிறுத்துங்க.”

ஒரு தவில் மட்டும் கேட்காமல் இன்னும் கொஞ்ச நேரம் அடித்துவிட்டு நின்றது. பிறகு மண்டபத்தில் ஃபேன் சத்தம் மட்டும். நான் இன்னும் இன்னும் சீனியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மடியில் கிடந்தவள் முதலில் எச்சில் விழுங்கினாள். அப்புறம் நாக்கால் உதட்டைத் தடவினாள். கண் என் பக்கம் திரும்பியது. அம்மா என்றாள். நான் அத்தனை பேர் முன்னாலும் வாய்விட்டு அழுதேன்.

மண்டபத்தில் இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. சாப்பிட்டார்கள், மொய் எழுதினார்கள், போகும்போது என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்கள். தம்பிதான் தட்டுகளைக்கூட எடுக்காமல் வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டான். எனக்குக்கூடவா சொல்லத் தோணலை என்று ஒரே ஒரு கேள்வி. இன்னும் சரியாகப் பேசுவதில்லை. அண்ணி ஒரு வாரம் எங்கள் தெருப்பக்கமே வரவில்லை. பிறகு ஒரு நாள் கேழ்வரகு மாவைச் சலித்து எடுத்துக்கொண்டு வந்து, புள்ளைக்கு இது ஆகுமாமே என்று வைத்துவிட்டுப் போனார்.

எதிர்வீட்டுக்கு நானே போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். பூக்கட்டுவதை நிறுத்தாமல் கேட்டாள். பாவம்க்கா நீங்க என்றாள். இனிமேல் பூவைக் கொண்டுவந்து வை என்றேன். சின்னதாக ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கிவிட்டதாகச் சொன்னாள். மூலையில் இருந்தது, மேலே பிளாஸ்டிக் விரிப்பு போட்டு. நல்லதாப் போச்சு என்று சொல்லிவிட்டு வந்தேன். திரும்பி வர பத்து அடி இருக்குமா? அன்றைக்கு அது முடியவே இல்லை.

இப்போது மகள் பதினொன்றாவது. ஊசி அவளே போட்டுக்கொள்கிறாள், கூடத்தில், கதவு திறந்திருக்க, பேப்பர் போடுகிறவர் வந்தாலும் கவலைப்படுவதில்லை. பையில் மிட்டாய் இருக்கிறது. கூடப் படிக்கிறவர்களுக்கெல்லாம் தெரியும். மண்டபத்து நாளைப் பற்றி மட்டும் அவள் வாயைத் திறந்ததே இல்லை. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. அவளுக்கு அன்றைக்கு நினைவு தப்பியிருந்தது, ஒன்றும் தெரிந்திருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். போன மாதம் ஒரு காலையில், அவள் ஊசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தபோது கேட்டேவிட்டேன். அன்றைக்கு நடந்ததில் ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்று.

“மேளச் சத்தம் ஞாபகம் இருக்கு. அப்புறம் நீ நின்னது. நான் உன்னையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன். நீ அத்தையப் பாத்துக்கிட்டு இருந்தே.”

அவள் குரலில் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. ஒரு நிமிஷம்கூட இருக்காதுடி, உடனே ஓடி வந்துவிட்டேனே என்றேன்.

ஊசியை வயிற்றிலிருந்து எடுத்து, மூடியைப் போட்டு, பாவாடையைச் சரிசெய்துகொண்டாள்.

“எனக்கு ரொம்ப நேரமா இருந்துச்சும்மா” என்று சொல்லிவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு இட்லி சாப்பிடப் போனாள்.